பாஸ்பேட்டேஸ் வெறும் பிரேக் இல்லை

"கைனேஸ் ஆக்சிலரேட்டர், பாஸ்பேட்டேஸ் பிரேக், ரத்தத்தில் பாஸ்பேட்டேஸ் ஏறினால் புற்றுநோய் அண்டாது" என்று ஒரு படம் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. பாதிகூடத் தேறாது. கைனேஸ் என்பது புரதங்களில் பாஸ்பேட்டை ஒட்டும் நொதி, பாஸ்பேட்டேஸ் அதைக் கழற்றும் நொதி.

செல் பிளவைத் தொடங்கிவைக்கும் சிடிகே1 ஒரு கைனேஸ்தான், ஆனால் வீ1 என்ற இன்னொரு கைனேஸ் அதன்மேல் பாஸ்பேட்டை ஒட்டிப் பூட்டிவைக்கிறது, நேரம் வந்ததும் அந்தப் பூட்டைத் திறப்பது சிடிசி25 என்கிற பாஸ்பேட்டேஸ். இப்போது பிரேக் யார்? பிளவு ஈஸ்ட் என்ற ஒருசெல் பூஞ்சையில் சிடிசி25 வேலை செய்யாவிட்டால் செல் பிரியாமல் குச்சி மாதிரி நீண்டுகொண்டே போகும். வீ1 பழுதானால் போதிய அளவு வளரும் முன்பே பிரிந்து குட்டியாகிவிடும். (ஸ்காட்லாந்துப் பேச்சில் 'வீ' என்றால் சின்னது, அதுதான் பெயர்க்காரணம், உயிரியலாளர் பால் நர்ஸ் வீ1-ஐக் கண்டது அங்குள்ள எடின்பரோவில்.) பல புற்றுநோய்களில் சிடிசி25 அளவுக்கு மீறி இருக்கிறது.

சரி, பிபி2ஏ என்ற பாஸ்பேட்டேஸ் பெரும்பாலும் சிடிகே1-க்கு எதிர்ப்பக்கம் நிற்பது உண்மை. பிளவு முடியும்போது ஒட்டியிருந்த பாஸ்பேட்டுகளைக் கழற்றுவதில் அதற்குப் பெரிய பங்கு. படம் போட்டவர் இதை மட்டும் படித்திருப்பார் போல.

அப்புறம், ரத்தப் பரிசோதனையில் வரும் அல்கலைன் பாஸ்பேட்டேஸ் இந்த ஆளே இல்லை. அது பெரும்பாலும் கல்லீரல், எலும்பு சமாச்சாரம். எலும்பு வளரும் பிள்ளைகளுக்கு இயல்பாகவே கூடுதலாக இருக்கும்.