“நம் ஊர் மண்தானே” என்று சொன்னவருக்கு

முந்தாநாள் கூட்டத்தில் நடந்தது இங்கே பலருக்கும் தெரியும், அதனால் முழுக் கதையையும் சொல்லவில்லை. சாலை போடப் பாறை உடைக்கும் இடத்தில் காற்றில் பறக்கும் தூசியை அளக்கச் சொல்லிக் கேட்டேன். “இது என்ன ரசாயனக் கழிவா? நம் ஊர் மண்தானே, புழுதி பறக்கத்தான் செய்யும்” என்று ஓர் அதிகாரி சொன்னதும் மேடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு இரண்டு நாளாக என்னைத் தூங்கவிடவில்லை.

நம் ஊர் மண்தான். மேலூர்ப் பக்கம் பல இடங்களில் கொஞ்சம் தோண்டினாலே பாறை தட்டும். அதில் குவார்ட்ஸ் என்கிற கனிமம் நிறைய. கிடக்கிற வரை ஒன்றும் செய்யாது. துளை போட்டு உடைக்கும்போது கிளம்புகிற, கண்ணுக்கே தெரியாத தூள்தான் நுரையீரலில் போய்த் தங்குகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1997இலேயே அதை, அஸ்பெஸ்டாஸ் இருக்கும் அதே முதல் பிரிவில், அதாவது புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியான பொருள்களோடு, சேர்த்துவிட்டது.

அஸ்பெஸ்டாஸ் என்றால் நமக்குக் கூரைத் தகடு. கலிபோர்னியாவில் அது பாறையோடு பிறந்தது, யாரும் கொண்டுவந்து கொட்டியதல்ல. சான் பிரான்சிஸ்கோவுக்குத் தண்ணீர் தரும் கலவெராஸ் அணையை 2011இல் புதிதாகக் கட்டத் தொடங்கியபோது, வேலையிடத்தைச் சுற்றிக் காற்றை இழுக்கும் பம்புகளை வைத்தார்கள். வடிதாளில் படிந்த அஸ்பெஸ்டாஸ் இழைகளை நுண்ணோக்கியில் எண்ணினார்கள். “எங்கள் மண்தானே” என்று அங்கே விட்டுவிடவில்லை.

நான் கேட்டதும் அவ்வளவுதான். தோண்டும் நாட்களில், வேலி ஓரத்தில், மூக்கு உயரத்தில் ஒரு பம்பு. வந்த அளவைப் பலகையில் எழுதிப் போடுங்கள்.

நகரத்தில்தான் காற்றை அளக்கிறார்களே என்று ஒரு நண்பர் கேட்கிறார். அது தூசியின் எடையைச் சொல்லும். தூசிக்குள் குவார்ட்ஸ் எவ்வளவு என்று சொல்லாது. 2009இல் வந்த தேசியக் காற்றுத் தர அளவுகோலில் 12 பொருள்கள் இருக்கின்றன. குவார்ட்ஸும் இல்லை, அஸ்பெஸ்டாஸும் இல்லை. தண்ணீர் லாரி வருகிறதே என்கிறார் இன்னொருவர். காலை எட்டு மணிக்கு ஒரு சுற்று வருகிறது. பத்து மணிக்குத் தரை காய்ந்துவிடுகிறது. நான் வளர்ச்சிக்கு எதிரியாம். அந்தச் சாலை எனக்கும்தான் வேண்டும்; அம்மாவை ஆஸ்பத்திரிக்கு அந்த வழியாகத்தான் கூட்டிப் போகிறேன். செலவாகுமே என்பவர்களுக்குப் பதில் சொல்ல எனக்கு மனமில்லை.

அப்பா 14 வருடம் கல்குவாரியில் ஜாக்ஹாமர் பிடித்தார். முகத்தில் ஈரத் துண்டு, வேறொன்றும் கிடையாது. அம்மா அந்தத் துண்டை அலசினால் வாளியின் அடியில் சாம்பல் நிறத்தில் மாவு போல வண்டல் நிற்கும். பித்தளைப் பாத்திரம் நன்றாகப் பளபளக்கிறது என்று அதைக் கொட்டாங்கச்சியில் வழித்து வைப்பாள். இருமல் வந்ததும் காசநோய் என்று சொல்லி இரண்டு முறை ஆறு ஆறு மாதம் மாத்திரை கொடுத்தார்கள். மூன்றாவதாகப் பார்த்த டாக்டர்தான் எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு, “ஐயா என்ன வேலை பார்த்தீர்கள்?” என்று கேட்டார். அதுவரை யாரும் அதைக் கேட்கவில்லை. அப்பா 51 வயதில் போய்விட்டார்.

நேற்று மாலை அந்த வேலையிடத்துக்குப் போனேன். இருபது வயதுகூட இருக்காது, ஒரு தம்பி பாறையில் துளை போட்டுக்கொண்டிருந்தான். மூக்கில் அதே மாதிரி துண்டு. புருவமெல்லாம் வெள்ளை.

திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர்க்கும் கூட்டத்தில் மறுபடி மனு கொடுக்கப் போகிறேன். வர முடிந்தவர்கள் பத்து மணிக்குள் வந்துவிடுங்கள்.