ஹாஷ் பட்டியலில் இருந்தால் பாதுகாப்பானது என்று அர்த்தமில்லை

ஹாஷ் என்பது ஒரு கோப்பின் உள்ளடக்கத்தை வைத்துக் கணக்கிடும், கைரேகை மாதிரியான ஒரு மதிப்பு. "என்.எஸ்.ஆர்.எல். என்ற மென்பொருள் கோப்புகளின் பட்டியலில் ஹாஷ் இருந்தால் கோப்பு சுத்தம், தைரியமாகத் திறக்கலாம்" என்று சிலர் சொல்வது தவறு, தயவுசெய்து யாரும் இதை நம்பிவிடாதீர்கள். அமெரிக்க அரசின் தரநிர்ணய அமைப்பான நிஸ்ட் தொகுக்கும் அந்தப் பட்டியல் இது இன்ன மென்பொருளின் கோப்பு என்று மட்டும்தான் சொல்லும், நல்லதா கெட்டதா என்று சொல்லாது. ஹேக்கிங் ஸ்கிரிப்டுகளும், படத்துக்குள் தகவலை ஒளித்துவைக்கும் கருவிகளும்கூட அதில் இருக்கின்றன. தடயவியல் ஆய்வாளர்கள் ஒரு ஹார்டு டிஸ்கில் குவிந்து கிடக்கும் விண்டோஸ் கோப்புகளை ஒதுக்கிவிட்டு, மிச்சத்தைப் பார்க்கத்தான் அதைப் பயன்படுத்துகிறார்கள். அப்புறம், பட்டியலில் இல்லாததெல்லாம் வைரஸும் இல்லை. நோட்பேடில் ஒரு கோப்பைத் திறந்து ஒரே ஒரு காற்புள்ளி சேர்த்துச் சேமித்துப் பாருங்கள், அதன் ஷா-256 மதிப்பு (ஷா-256 என்பது ஹாஷ் கணக்கிடும் ஒரு முறை) முழுசாக மாறிவிடும், பட்டியலில் உள்ளதோடு பொருந்தாது. பெயரை மட்டும் மாற்றினால் அப்படியே இருக்கும்.