பூப்போட்ட கைலிக்குப் புள்ளிச் சட்டை போட்டால் உங்களுக்கு என்ன?

அந்தப் படத்தை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட் ஊர் வாட்ஸ்அப் குழு ஒன்றுகூடப் பாக்கியில்லாமல் சுற்றிவிட்டது. பாசார் மாலாமில், அதாவது இரவுச் சந்தையில், கச்சான் பூத்தே கடலை வாங்கிக்கொண்டு நிற்கிற அக்கா, பின்னாலிருந்து எடுத்த படம், கீழே "எஸ்டேட் காம்பினேஷன்" என்று எழுதி வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள். அனுப்பியது யார் என்று தெரியும். சிரித்த பெரிய மனிதர்கள் யார் யார் என்றும் தெரியும். பேர் சொல்ல மாட்டேன். படத்தையும் இங்கே போட மாட்டேன், அந்த வேலையை நீங்களே நன்றாகச் செய்துவிட்டீர்கள்.

முதலில் உடுப்பைப் பேசுவோம். சிரித்தவர்களில் ஒருவர்கூட அதைச் சரியாகப் பார்க்கவில்லை. காப்பி நிற பாத்தேக் (மெழுகுச் சாயத் துணி) கைலி, அதில் மெரூன் நிறத்தில் பெரிய பெரிய பூ. மேலே மெரூன் சட்டை, வெள்ளைப் பொடிப் புள்ளி. தோளில் மெரூன் கோடு போட்ட துண்டு. பூ, புள்ளி, கோடு மூன்றும் ஒரே ஆள்மேல், ஆமாம். ஆனால் பூ பெரிசு, புள்ளி பொடிசு, கோடு ஓரத்தோடு சரி. மூன்றையும் அந்த மெரூன் பிடித்துக் கட்டிவைத்திருக்கிறது. டிசைன் கலந்து உடுத்துகிறவர்கள் பார்ப்பது இதைத்தான்: பெரிசும் பெரிசும் மோதக்கூடாது, ஏதாவது ஒரு நிறம் எல்லாவற்றிலும் வர வேண்டும். அந்த அக்கா கண்ணுக்கு அது தெரிந்திருக்கிறது. தெரியாமல் போட்டது இல்லை ஐயா, தெரிந்து போட்டது.

அந்தக் கைலியையே விரித்துப் பாருங்கள். பாத்தேக் சாரோங்கில், அதாவது கைலியில், 'கெப்பாலா' என்று ஒரு பட்டை வரும். துணியின் உடம்பு முழுக்கப் பூவும் கொடியும் ஓடினால், அந்தப் பட்டையில் மூங்கில் குருத்து மாதிரி முக்கோணங்கள் எதிரெதிராக நிற்கும். ஒரே துணியிலேயே இரண்டு டிசைன். 2008 முதல் இங்கே மலேசியாவில் அரசாங்க ஊழியர்கள் வியாழக்கிழமைதோறும் பாத்தேக் போட வேண்டும். கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவர் சட்டையில் செம்பருத்தி தட்டு அளவுக்கு விரிந்திருக்கும். அவரைப் படம் எடுத்துப் போடுங்களேன் பார்ப்போம்.

சரி, அது மலாய்க்காரர் துணி, நமக்கு அடக்கம்தான் அழகு என்கிறீர்களா? காஞ்சிபுரத்தில் உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு அதோடு சண்டைபோடுகிற இன்னொரு நிறம் என்று வைத்து, தறியில் மூன்று நாடா ஓட்டி, உடலையும் கரையையும் கோத்துக் கோர்வை போட்டு நெய்கிறார்களே, அது எதற்கு? இரண்டு கரைக்கும் இரண்டு நிறம் கொடுத்து கங்கா ஜமுனா என்று பேரும் வைத்திருக்கிறார்கள். கட்டமும் கோடும் பட்டைக் கரையுமாக வருகிற செட்டிநாட்டுக் கண்டாங்கிக்கு 2019-ல் புவிசார் குறியீடு கொடுத்தார்கள். மாம்பழ மஞ்சளுக்கு அரக்கு, கிளிப்பச்சைக்கு வாடாமல்லி. இப்படிப் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு எப்போதிலிருந்து ஐயா பூவும் புள்ளியும் உறுத்த ஆரம்பித்தது?

'எஸ்டேட்' என்று எழுதினீர்களே, அந்தச் சொல்லுக்கு வருகிறேன். என் அம்மா தோட்டத்தில் கித்தா மரம், அதாவது ரப்பர் மரம், பால் வெட்டியவர். ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்கு விடியுமுன்னே போக வேண்டும். கொசுவுக்காக அப்பாவின் பழைய கட்டம் போட்ட முழுக்கைச் சட்டை, கீழே சிலுவார் (காற்சட்டை), அதற்கு மேலே பூப்போட்ட கைலி, தலையில் கோடு போட்ட துண்டு. மரப்பால் துணியில் பட்டுக் காய்ந்தால் கறுத்துப்போகும், எந்தச் சவுக்காரத்துக்கும் போகாது. அதனால்தான் நல்ல துணி காட்டுக்குப் போகாது. இருப்பதில்தான் உடுத்த வேண்டும். அந்த இருப்பதிலும் அம்மா தேடுவார். "இந்தத் துண்டு வேணாம், பச்சத் துண்ட எடு, கைலில பச்ச இலை இருக்குல்ல" என்று இருட்டில் என்னிடம் கேட்பார். யார் பார்க்கப் போகிறார்கள்? மரமும், வேலை மேய்க்கிற மண்டோரும். அதற்கும் பச்சைத் துண்டு. எங்கள் வீட்டில் மேலும் கீழும் செட்டாக வந்த ஒரே உடுப்பு என் பள்ளிக்கூடத்து நீலப் பினாஃபோர்தான். எல்லா நாளும் செட்டாக உடுத்த வேண்டுமென்றால் அலமாரி வேண்டும், அலமாரி வைக்க எஸ்டேட் லயத்து வீட்டில் இடம் வேண்டும்.

"அக்கா, அது சும்மா ஜோக்குலா" என்று இன்பாக்ஸில் ஒரு தம்பி. சும்மா ஜோக் என்றால் 'எஸ்டேட்' எதற்கு? பூ, புள்ளி, கோடு என்று எழுதிச் சிரித்திருக்கலாமே. உங்கள் தாத்தா என்ன பினாங்கில் கப்பல் வாங்கி விற்றுக்கொண்டிருந்தாரா?

"எல்லாக் கலவையும் அழகென்று சொல்ல முடியுமா?" முடியாது. ஒரே அளவில் இரண்டு பெரிய பூவைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எனக்கும் தலை சுற்றும். பேங்கில் சீருடை போடச் சொன்னால் போட வேண்டியதுதான், அதில் எனக்குத் தகராறு இல்லை. ஆனால் பாசார் மாலாம் பேங்க் இல்லை. அந்த அக்கா உங்களிடம் சம்பளமும் வாங்கவில்லை.

"நீயும் டவுனுக்கு வந்து ஆபீஸ்லதானே வேலை பாக்கிறே, உனக்கேன் வலிக்குது?" இப்படிக் கேட்டவர் என் சொந்தக்காரர். இதற்குப் பதில் சொல்லத் தோன்றவில்லை. அவருடைய அம்மாவும் என் அம்மாவும் ஒரே நிரையில், ஒரே மர வரிசையில், பால் வெட்டினவர்கள்.

இப்போது என்ன ஆகிவிட்டதென்றால், தீபாவளிக்கு ஆத்தா முதல் கைக்குழந்தை வரை ஒரே நிறம். 'செடொண்டொன்', அதாவது எல்லாரும் ஒரே மாதிரி, வேண்டுமாம். போடுங்கள், படத்துக்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரே நிறம் வாங்க முடியாத வீட்டுப் பிள்ளைகள் படத்துக்கு நிற்காமல் பந்தலுக்குப் பின்னால் போய் நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். பழைய துணி விற்கிற பண்டல் கடையில் துணி பொறுக்குகிறவர்களுக்கு எங்கே செட் கிடைக்கும்? ஒரு சட்டை கிடைக்கும், பொருத்தமாக வேறெங்கோ ஒரு பாவாடை கிடைக்கும். அதைச் சேர்த்துப் பார்க்க ஒரு கண் வேண்டும். அந்தக் கண்ணைப் பார்த்துத்தான் நீங்கள் சிரிக்கிறீர்கள்.

அடுத்த மாதம் என் அண்ணன் மகள் கல்யாணம். அழைப்பிதழில் 'பேஸ்டல் நிறம் மட்டும்' என்று அச்சடித்திருக்கிறார்கள். பெண் ஆசைப்பட்டது, இருக்கட்டும். ஆனால் என்னிடம் பேஸ்டல் இல்லை, வாங்கப் போவதுமில்லை. மாம்பழ மஞ்சள் கண்டாங்கி, அரக்குக் கரை, அரக்கில் மஞ்சள் புள்ளி போட்ட ரவிக்கை. படம் எடுக்கிற பையனிடம் இப்போதே சொல்லி வையுங்கள்: நான் பெண்ணுக்கு அத்தை, முன் வரிசையில்தான் நிற்பேன்.