மாடி அறைக்கு வரி வாங்கத் தெரிகிறது, வழி சொல்லத் தெரியவில்லை

எங்கள் வீட்டு மாடியில் ஒரு அறை இருக்கிறது. 260 சதுர அடி. பத்திரம் பதியும்போது அந்த அறை அரசாங்கத்தின் கண்ணுக்குத் தெரிந்தது. சொத்து வரி போடும்போதும் தெரிந்தது. இப்போது மட்டும் அது "அனுமதியற்ற கட்டுமானம்", 30 நாளுக்குள் அகற்றப்பட வேண்டும் என்று நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். பணம் வாங்குகிற வரைக்கும் அது அறை. பணம் வாங்கி முடித்ததும் அது குற்றமா?

2021-ல் இந்த வீட்டை வாங்கினோம். தாமிரபரணியில் இருந்து நடந்து போகிற தூரம். மாடி அறை நாங்கள் கட்டியதில்லை. விற்றவர் கட்டியது, நாங்கள் வாங்கும்போதே சுவரில் பாசி பிடித்திருந்தது. அப்போது முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 4 சதவீதம், ஆக 11 சதவீதம். மனைக்கு மட்டுமா வாங்கினார்கள்? கட்டடத்துக்கும் சேர்த்துத்தான். கட்டட மதிப்பு எழுதுகிற படிவத்தில் கீழ்த்தளம் இத்தனை சதுர அடி, முதல் தளம் இத்தனை சதுர அடி என்று தனித்தனியாக எழுதி, அதற்கும் கணக்குப் போட்டு வாங்கினார்கள். இந்த மாடிக்கு வரைபட அனுமதி இருக்கிறதா என்று அங்கே ஒருவர் கேட்கவில்லை. வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்தோம். கிரயம், அடமானம், தானம் எல்லாம் வந்தது. கட்டட அனுமதி அதில் வரவே வராது. வீடு வாங்குகிறவர்கள் எல்லாரும் நம்பிப் பார்க்கிற காகிதத்தில் அந்த விவரத்துக்கு இடமே இல்லை என்றால் சாமானியன் எங்கே போய்த் தெரிந்துகொள்வான்?

அடுத்தது வரி. 2022-ல் தமிழ்நாடு முழுக்கச் சொத்து வரியைச் சீராய்வு செய்தார்கள் இல்லையா? சென்னைக்கு வெளியே 601 முதல் 1,200 சதுர அடி வரையுள்ள வீட்டுக்கு 50 சதவீத உயர்வு, 1,201 முதல் 1,800 வரை 75 சதவீதம். எங்கள் கீழ்த்தளம் 980 சதுர அடி. அதோடு விட்டிருந்தால் 50 சதவீதம்தான். மாடி அறையைச் சேர்த்ததும் 1,240 ஆனது, 75 சதவீதத்துக்குள் போய் விழுந்தோம். அந்த அறை இல்லாவிட்டால் எங்கள் வரியே வேறு. ஆறு மாதத்துக்கு ஒரு தடவை ஒழுங்காகக் கட்டிக்கொண்டு வருகிறோம். அந்த ரசீதைக் கொண்டுபோய்க் காட்டினால், "வரி ரசீது அனுமதி ஆகாதுக்கா" என்கிறார்கள். ஆகாது, சரி. சட்டம் அப்படித்தான் சொல்கிறது, எனக்கும் தெரியும். ஆனால் டேப்பைப் பிடித்து அளந்துகொண்டு போன அதே அலுவலகம், அளந்த அன்றைக்கே "இந்த மாடிக்கு அனுமதி இல்லை, இப்படி இப்படிச் செய்து சரிப்படுத்திக்கொள்ளுங்கள்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. ஏன் சொல்லவில்லை?

அந்த அறை எங்களுக்கு என்ன என்று சொன்னால்தான் என் கோபம் புரியும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நெல்லைச் சீமையில் யாரும் மறந்திருக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்த மழை. அணைகள் நிரம்பித் திறந்துவிட, ஆறு கரையை விட்டு ஏறி வந்தது. எங்கள் வீட்டில் முதலில் தார்சாவில் தண்ணீர். பாயைச் சுருட்டுவதற்குள் பட்டாசலுக்கு வந்துவிட்டது. அத்தைக்கு இரண்டு முழங்காலும் மடங்காது. என் வீட்டுக்காரரும் பக்கத்து வீட்டுப் பையனும் அத்தையை நாற்காலியோடு தூக்கி அந்தப் படிக்கட்டில் ஏற்றினார்கள். நான் அரிசிப் பானையையும் பத்திரப் பையையும் தூக்கிக்கொண்டு பின்னால் ஏறினேன். பக்கத்து வீட்டு ஆச்சி, அவர்கள் பேரப்பிள்ளைகள், எதிர்வீட்டுப் புதுப்பெண் எல்லாரும் அந்த 260 சதுர அடியில்தான் உட்கார்ந்திருந்தோம். மின்சாரம் இல்லை, போன் இல்லை. ஸ்டவ்வில் கஞ்சி வைத்துக் குடித்தோம். கீழே ஃபிரிட்ஜ் மிதந்து கதவில் முட்டுகிற சத்தம் ராத்திரி முழுக்கக் கேட்டுக்கொண்டே இருந்தது. அந்த அறைதான் எங்களை உயிரோடு வைத்திருந்தது. அதை இடி என்று ஒரு தாள் வருகிறது. "ஏட்டி, இந்த ரூமையா இடிக்கப் போறாங்க?" என்று அத்தை கேட்டபோது எனக்கு வாயில் பதில் வரவில்லை.

விதியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தண்ணீர் போகிற வழியை அடைத்துக் கட்டினால் என்ன ஆகும் என்று எங்களைவிட யாருக்குத் தெரியும்? வாய்க்கால் மேல் கட்டுகிறவனையும், குளத்துக்குள் சுவர் எழுப்புகிறவனையும் இன்றைக்கே போய் இடியுங்கள், நானும் வந்து நிற்கிறேன். எங்கள் அறை பட்டா நிலத்தில், எங்கள் கீழ்த்தளத்தின் தலைக்கு மேலே இருக்கிறது. அதில் என்ன தவறு, எந்த விதி, எத்தனை அடி என்று சொல்லுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

நோட்டீஸில் அது இல்லை! அச்சடித்த தாள். பெயர், கதவு எண், தேதி மட்டும் பேனாவில் நிரப்பியிருக்கிறார்கள். 1971-ஆம் வருஷத்து நகர் மற்றும் ஊரமைப்புச் சட்டம், 56, 57 பிரிவுகள். "அனுமதியின்றி / அனுமதிக்கு மாறாக" என்று இரண்டையும் போட்டு, எது பொருந்தும் என்று அடிக்கக்கூட இல்லை. மாடி அறையா, படிக்கட்டா, இரண்டுமா? ஒன்றும் கிடையாது. கடைசி வரி மட்டும் தெளிவாக இருக்கிறது: அகற்றத் தவறினால் அலுவலகமே அகற்றி, அதற்கான செலவை உங்களிடம் வசூலிக்கும்.

உச்ச நீதிமன்றம் 2024 நவம்பர் 13-ஆம் தேதி ஒரு தீர்ப்புச் சொன்னது. புல்டோசர் வழக்கு என்று எல்லாப் பேப்பரிலும் வந்ததே, அதுதான். இடிப்பதற்கு முன்னால் குறைந்தது 15 நாள் நோட்டீஸ் தர வேண்டும், பதிவுத் தபாலில் அனுப்ப வேண்டும், என்ன மீறல் என்று விவரமாக எழுத வேண்டும், நேரில் விசாரிக்கத் தேதி குறிக்க வேண்டும் என்று அதில் தெளிவாக இருக்கிறது. சாலை, நடைபாதை, நீர்நிலை ஆக்கிரமிப்புக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. அது நியாயம். எங்கள் வீடு அந்தக் கணக்கில் வராதே? பின்னே எங்கே அந்த விவரம், எங்கே அந்தத் தேதி?

கேட்கப் போனால் அலுவலகத்தில் நடந்த கதையை என்ன சொல்ல. ஒரு மேசையில், "ரெகுலரைசேஷன் ஸ்கீம்ல போடுங்க" என்றார். எந்த ஸ்கீம்? கட்டடங்களுக்கு 113-சி என்று ஒரு பிரிவு இருக்கிறது, அது 2007 ஜூலை 1-க்கு முன்னால் கட்டியவைக்கு. இந்த அறை அதற்குப் பிறகு வந்தது. அடுத்த மேசையில் "மனை வரன்முறை செஞ்சீங்களா?" என்கிறார். அது 2016 அக்டோபர் 20-க்கு முன்னால் விற்ற அங்கீகாரமில்லாத மனைகளுக்கானது. எங்கள் மனைக்கு ஒரு குறையும் இல்லை. மனைக்கும் கட்டடத்துக்கும் உள்ள வித்தியாசத்தை, அதே வேலைக்குச் சம்பளம் வாங்குகிறவருக்கு நான் விளக்க வேண்டியிருக்கிறது. மூன்றாவது மேசைக்காரர் சைட்டுக்குப் போயிருக்கிறார், எப்போது வருவார் என்று யாருக்கும் தெரியாது. இப்படி அலைவதற்கு நான் என் தையல் வேலையை விட்டுவிட்டு, இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும்.

வாசலில் ஒருத்தர் நிற்பார். எந்த ஊர் அலுவலகத்துக்குப் போனாலும் வாசலில் ஒருத்தர் நிற்பார். "நீங்க எதுக்குக்கா அலையுதீய? வீட்டுல அண்ணாச்சிய வந்து ஒரு வார்த்தை பேசச் சொல்லுங்க, முடிச்சுக்கிடலாம்." உள்ளே யாரும் சொல்லாத விவரம் அவருக்கு மட்டும் எப்படித் தெரிகிறது? என் கதவு எண் அவர் வாயில் எப்படி வருகிறது? நோட்டீஸில் வேண்டுமென்றே ஒன்றும் எழுதாமல் விடுவதே அவரிடம் நம்மை அனுப்புவதற்குத்தான் என்று நான் நினைக்கிறேன். தப்பாக நினைக்கிறேன் என்றால் விவரத்தை எழுதி நிரூபிக்கட்டும். நான் ஒரு ரூபாய் கொடுக்கவில்லை. கொடுக்கவும் மாட்டேன். கொடுத்தால் இந்தத் தாள் அலமாரிக்குள் போகும், ஆனால் அறை அனுமதியில்லாத அறையாகவே இருக்கும். அடுத்த அதிகாரி வந்ததும் மறுபடியும் எடுப்பார், மறுபடியும் வாசலில் ஒருத்தர் நிற்பார்.

கடைசியில் வழி சொன்னது அலுவலகம் இல்லை. உரிமம் உள்ள ஒரு பொறியாளர். நோட்டீஸை வாங்கி ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, "56-ஆம் பிரிவை முழுசாப் படிச்சீங்களாம்மா?" என்று கேட்டார். அவரே எடுத்துக் காட்டினார். நோட்டீஸில் சொன்ன கெடுவுக்குள், நிற்கிற கட்டடத்தை அப்படியே வைத்துக்கொள்ள அனுமதி கேட்டு 49-ஆம் பிரிவின் கீழ் விண்ணப்பிக்கலாம். அப்படி விண்ணப்பித்தால், அதன் மேல் இறுதி முடிவு வரும் வரைக்கும் அந்த நோட்டீஸ் செல்லாது. எந்தப் பிரிவைக் காட்டி இடிப்பேன் என்று பயமுறுத்துகிறார்களோ, அதே பிரிவுக்குள்ளேயே இது இருக்கிறது. எங்களை மிரட்டுகிற பாதியை அச்சடித்துவிட்டு, காப்பாற்றுகிற பாதியை விட்டுவிட்டார்கள். இதைப் படித்த அன்றைக்கு வந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. கெடு முடிந்த பிறகு யாரோ சொல்லி இதைத் தெரிந்துகொண்ட குடும்பங்கள் எத்தனை இருக்கும்?

பொறியாளர் வந்து இருக்கிறபடியே அளந்து வரைபடம் போட்டார். அறைக்கு ஒன்றும் பெரிய சிக்கல் இல்லை, தளம் தாங்கும் என்றார். சிக்கல் படிக்கட்டில்தான். எங்கள் தெரு 9 மீட்டருக்கும் குறைவு, 2019-ஆம் வருஷத்து ஒருங்கிணைந்த கட்டட விதிப்படி முன்பக்கம் ஒன்றரை மீட்டர் விட வேண்டும். அந்த இடத்துக்குள் படிக்கட்டு வந்து நிற்கிறது. சரி, எடுத்துவிடுகிறோம். பக்கவாட்டில் உள்பக்கமாக இரும்புப் படி வைக்கச் சொன்னார், அதையே வரைபடத்தில் காட்டியிருக்கிறார். அத்தைக்கு அந்தப் படி ஏறுவது கஷ்டம்தான். கைப்பிடி இரண்டு பக்கமும் வைக்க வேண்டும், செலவு எங்கள் செலவு. விதி இதுதான் என்று சொன்னால் கேட்டுக்கொள்கிற ஆட்கள்தான் நாங்கள். இந்த ஒன்றரை மீட்டர் கணக்கை அந்த நோட்டீஸில் ஒரு வரி எழுதியிருந்தால் இத்தனை அலைச்சலும் இத்தனை நாள் தூக்கமும் மிச்சமாகியிருக்கும்.

இன்னொரு வயிற்றெரிச்சல். 2024 ஜூலையில் சுயசான்று முறை கொண்டுவந்தார்கள். 2,500 சதுர அடி மனைக்குள் 3,500 சதுர அடி வரை வீடு கட்டுகிறவர்கள் இணையத்தில் விண்ணப்பித்து, பணம் கட்டி, உடனே அனுமதி வாங்கிக்கொள்ளலாம். நல்ல திட்டம், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதே அளவுக்குள் ஏற்கெனவே நிற்கிற ஒரு சின்ன அறையைச் சரிப்படுத்த வந்தவளை மட்டும் மேசை மேசையாக ஓட விடுவது என்ன நியாயம்? புதிதாகக் கட்டுகிறவரை நம்பலாம், திருத்திக்கொள்ள வந்தவளை நம்பக் கூடாதா?

இந்த நோட்டீஸ் யாருக்காவது வந்திருந்தால், சகோதர சகோதரிகளே, வாசலில் நிற்கிறவரிடம் போகாதீர்கள். தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். கெடு முடிவதற்குள் உரிமம் உள்ள பொறியாளரைப் பிடித்து, இருப்பதை இருக்கிறபடி வரையச் சொல்லி, 49-ன் கீழ் விண்ணப்பத்தைப் போடுங்கள். அதோடு நோட்டீஸுக்குத் தனியாக எழுத்தில் பதில் எழுதுங்கள்: எந்த மீறல், எந்த விதி என்று விவரம் கேளுங்கள், நேர் விசாரணை கேளுங்கள், விண்ணப்ப எண்ணையும் அதில் போடுங்கள். விரைவுத் தபாலில் பதிவு வசதியோடு, ஒப்புகை கேட்டு அனுப்புங்கள். கையில் கொடுத்தால் நகலில் முத்திரை வாங்காமல் திரும்பி வராதீர்கள். பத்திரம், வரி ரசீது, பழைய வரைபடம், மின் இணைப்பு அட்டை எல்லாவற்றிலும் நகல் எடுத்து ஒரே கோப்பில் வையுங்கள். வாயால் சொன்ன எதையும் நம்பாதீர்கள், அவர்கள் சொன்னாலும் சரி, நீங்கள் சொன்னாலும் சரி.

நாங்கள் விண்ணப்பம் போட்டுவிட்டோம். ஒப்புகையும் வந்துவிட்டது. ஆய்வுக்கு வருகிறோம் என்று சொன்னவர்கள் இன்னும் வரவில்லை. வரட்டும், வந்து அளக்கட்டும். வருகிறவரிடம் முதலில் ஒன்றைக் கேட்கத்தான் போகிறேன்: அடுத்த வீட்டுக்கு ஒட்டப் போகிற தாளிலாவது 56-ஆம் பிரிவை முழுசாக அச்சடிப்பீர்களா, மாட்டீர்களா?