தகரக் கூரையின் கீழ் வெந்துபோகும் பீர்

கடந்த ஞாயிற்றுக்கிழமை வேலூர் சத்துவாச்சாரியில் என் வீட்டு மொட்டை மாடியில் நான்கு பேர் உட்கார்ந்து, ஒரே ஆலையில் ஒரே பெயரில் அடைக்கப்பட்ட இரண்டு பீர் பாட்டில்களைத் திறந்து, இவை இரண்டும் ஒன்றே அல்ல என்று அடித்துச் சொல்லும் நிலைக்கு வந்தோம். ஒன்று எங்கள் பகுதிக் கடையில் நான் வாங்கியது. மற்றொன்று ராணிப்பேட்டை நண்பர் தம் ஊரில் வாங்கி வந்தது. அவருடையதில் முளைகட்டிய பார்லியின் மணமும், ரொட்டியின் மேல்தோலைக் கடித்தாற்போன்ற இளம் இனிப்பும், கடைசியில் நாக்கின் அடியில் தங்கும் ஹாப்ஸ் பூவின் கசப்பும் இருந்தன. என்னுடையதில் மழையில் நனைந்து காய்ந்த அட்டைப்பெட்டியின் வாடைதான் இருந்தது. என் காசைப் போட்டு, எனக்குப் பிடித்த பீர் என்று நான் பெருமையாக எடுத்து வைத்த பாட்டில் அது.

நாங்கள் குடித்துக் கவிழ்வதற்காகக் கூடுகிறவர்கள் அல்லர். குடியாத்தத்திலிருந்து ஒருவர், ஆம்பூரிலிருந்து ஒருவர், ராணிப்பேட்டைக்காரர், நான் என நால்வரும் மாதத்தின் முதல் ஞாயிறு அன்று ஆளுக்கு இரண்டு பாட்டில் கொண்டுவந்து மாற்றிக்கொள்கிறோம். வண்டியை யாரும் தொடுவதில்லை, பேருந்தில்தான் வந்து போகிறார்கள். பாட்டில்களை நாளிதழால் சுற்றி எண் போட்டு, எது யாருடையது என்று தெரியாமல் கண்ணாடி டம்ளரில் நாலு விரற்கடை அளவு ஊற்றி, நிறம், நுரை, மணம், கசப்பு என்று ஒவ்வொன்றாகப் பேசுவோம். குடியாத்தம் நண்பர் அதை நாற்பது பக்க நோட்டில் எழுதிவைப்பார். அந்த நோட்டில் சென்ற கோடையிலிருந்து நாங்கள் எழுதியதைத் திருப்பிப் பார்த்தபோதுதான் எனக்கு வயிறு எரிந்தது. நாங்கள் இத்தனை மாதமாகப் பீர்களை ஒப்பிடவே இல்லை. எந்தக் கடைக்காரர் பெட்டிகளை வெயிலில் போட்டார், எவர் நிழலில் வைத்தார் என்பதைத்தான் ஒப்பிட்டிருக்கிறோம்.

பீர் என்பது பார்லி, ஹாப்ஸ், ஈஸ்ட், தண்ணீர் ஆகிய நான்கும் சேர்ந்து செய்கிற பொருள். வெப்பம் ஏற ஏற அதற்குள் மிச்சமிருக்கும் சிறிதளவு ஆக்சிஜன் வேலை செய்யத் தொடங்கி, அட்டை வாடை தருகிற சேர்மங்களை உண்டாக்கிவிடும். பீர்த் தொழிலில் இருப்பவர்கள் 3, 30, 300 என்று ஒரு கணக்குச் சொல்வார்கள். 32 டிகிரி செல்சியஸில் 3 நாள் கிடந்த பீரும், 22 டிகிரியில் 30 நாள் கிடந்த பீரும், 3 டிகிரியில் 300 நாள் இருந்த பீரும் ஏறத்தாழ ஒரே அளவுக்குப் பழசாகிவிடும் என்பது அதன் பொருள். இந்தக் கணக்கை வேலூருக்குப் பொருத்திப் பாருங்கள். மரமில்லா மலை, நீரில்லா ஆறு என்று காலகாலமாகச் சொல்லப்படும் ஊர் இது. அந்த மொட்டைப் பாறைகள் பகலெல்லாம் குடித்த வெயிலை இரவு முழுவதும் ஊரின் மேல் கக்கிக்கொண்டிருக்கும். அக்கினி நட்சத்திரத்தில் வெளியே 40 டிகிரியைத் தாண்டும்போது, கடையின் தகரக் கூரைக்குக் கீழே, காற்றோட்டமே இல்லாத அறையில், ஆள் உயரத்துக்கு அடுக்கிய பெட்டிகளுக்குள் எத்தனை டிகிரி இருக்கும்? ஆலையில் எவ்வளவு அக்கறையோடு காய்ச்சியிருந்தாலும் அதையெல்லாம் ஒரு வாரத்தில் கொன்று முடித்துவிடுகிறார்கள்.

மறுநாளே அந்தப் பாட்டிலைக் கையோடு எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். கம்பி வலைக்கு இந்தப் பக்கம் வரிசையில் முக்கால் மணி நேரம் நின்றபின், "அண்ணே, இது கெட்டுப்போயிருக்கிறது, கொஞ்சம் முகர்ந்து பாருங்கள்" என்று மரியாதையாகத்தான் சொன்னேன். விற்பனையாளர் பாட்டிலைத் தொடவே இல்லை. "இன்னாபா, பீர்னா அப்படித்தான் கீது. வேணும்னா எடு, இல்லன்னா வழிய விடு" என்றார். சரி, வேறு எது இருக்கிறது என்று கேட்டால், "இதான் கீது" என்று ஒரே பதில். கூலிங்காக வேண்டுமென்றால் அச்சிட்ட விலைக்கு மேல் 10 ரூபாய் தர வேண்டும். அவருக்குப் பின்னால் இருந்த குளிர்பெட்டியில் பாதியை அவர்களின் தண்ணீர் பாட்டில்களும் சாப்பாட்டுக் கேரியரும் அடைத்துக்கொண்டிருந்தன. வாசலில் வெயில் நேராக அடிக்கிற இடத்தில் பச்சைக் கண்ணாடிப் பாட்டில்களை வரிசையாக நிறுத்தி வைத்திருந்தார்கள்.

அந்தப் பச்சைப் பாட்டில்களைப் பார்த்தபோது எனக்கு உண்மையாகவே அழுகை வந்தது. ஹாப்ஸின் கசப்புப் பொருளின் மேல் வெளிச்சம் பட்டால், பீரிலேயே இருக்கும் ரிபோஃபிளேவின் என்ற வைட்டமினின் துணையோடு அது உடைந்து, கந்தகம் சேர்ந்த ஒரு நாற்றப் பொருளாக மாறிவிடும். மிக மிக நுண்ணிய அளவில் இருந்தாலே மனித மூக்கு அதைக் கண்டுபிடித்துவிடும். பழுப்புக் கண்ணாடி அந்த ஒளியைப் பெரும்பாலும் தடுக்கும், பச்சைக் கண்ணாடி அவ்வளவாகத் தடுக்காது. இதைத் தெரிந்துகொள்ள யாரும் வேதியியல் படித்திருக்க வேண்டியதில்லை. நல்லெண்ணெயை வெயிலில் வைக்கக் கூடாது என்று நம் பாட்டிமார்களுக்குத் தெரிந்திருந்ததே!

இதைவிட வேதனை என்னவென்றால், இதைப் பற்றிப் பேசினால் ஊரில் எல்லோரும் என்னை ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள். ஆம்பூர் பிரியாணியில் சீரகச் சம்பா அரிசி ஒரு பதம் கூடிவிட்டால் கல்லாவுக்குப் போய்ச் சண்டை போடுகிற மனிதர்கள் இவர்கள். இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய்க்கும் சந்தையில் கிடைக்கும் மற்றக் கத்தரிக்காய்க்கும் உள்ள வித்தியாசத்தைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடியவர்கள். அந்தக் காய்க்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது தம் வீட்டுப் பிள்ளை தேர்வில் தேறியதுபோல மகிழ்ந்தவர்கள். அதே நாக்குதான், பீர் என்று வந்தவுடன் "ஸ்ட்ராங்கா, லைட்டா" என்ற ஒரே கேள்வியோடு நின்றுவிடுகிறது. 8 சதவீத ஆல்கஹால் இருந்தால் நல்ல பீர், 5 சதவீதம் என்றால் காசுக்குக் கேடு. கேட்கிறவர்கள் இப்படிக் கேட்பதால்தான் கொடுக்கிறவர்களும் எதையாவது கொடுத்து அனுப்புகிறார்கள்.

ஆம்பூர் நண்பரின் தம்பி பெங்களூரில் வேலை செய்கிறார். உணவகத்துக்குள்ளேயே பீர் காய்ச்சும் சிறு ஆலைகள் அங்கே உண்டு. கோதுமையில் காய்ச்சிய பீரில், வெறும் ஈஸ்ட்டின் வேலையால் மட்டுமே வாழைப்பழ வாசமும் கிராம்பு வாசமும் வருவதை அவர் தொலைபேசியில் விவரிக்கும்போது நாங்கள் நால்வரும் போனைச் சுற்றி உட்கார்ந்து கேட்போம். அவரால் ஒரு பாட்டிலைக்கூட எங்களுக்குக் கொண்டுவர முடியாது. ஓசூர் தாண்டி மதுவோடு வந்தால் குற்றம், சித்தூர்ப் பக்கமிருந்து கிறிஸ்டியான்பேட்டை சோதனைச் சாவடி வழியாக வந்தாலும் குற்றம். சட்டத்தை மீறச் சொல்லி நாங்கள் அவரைக் கேட்டதும் இல்லை, கேட்கப்போவதும் இல்லை. ஆனால் எல்லைக்கு அப்பால் இருப்பதை வாங்கக் கூடாது என்றால், எல்லைக்குள் விற்பதையாவது ஒழுங்காக வைத்திருக்க வேண்டாமா?

ஐஸ்போல ஆக்கிக் குடித்தால் ஒன்றும் தெரியாது என்று சிலர் அறிவுரை சொல்கிறார்கள். ஆம், தெரியாதுதான், அந்தக் குளிரில் நாக்கு மரத்துப்போய் நல்லதும் தெரியாது, கெட்டதும் தெரியாது. கெட்டுப்போன சாம்பாரில் மிளகாய்ப்பொடியை அள்ளிப் போட்டுச் சாப்பிடச் சொல்வதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு? முன்பே வெந்து கெட்ட பீரைக் குளிர்பெட்டியில் வைத்தால் அது குளிர்ந்த கெட்ட பீர்தான்.

நான் புதிதாக எதையும் கேட்கவில்லை. வாசலில் நிற்கும் பச்சைப் பாட்டில்களை உள்ளே எடுத்து வையுங்கள். பெட்டிகளைத் தகரத்துக்கு அடியிலிருந்து நகர்த்தி, சுவரை ஒட்டிய நிழலில் அடுக்குங்கள். முதலில் வந்த பெட்டியை முதலில் விற்றுத் தீர்த்துவிடுங்கள். லேபிளில் அச்சிட்ட மாதத்தை நான் பார்க்கும்போது பாட்டிலைப் பிடுங்காதீர்கள். வரும் மாதத்துக்கு உரிய என் இரண்டு பாட்டில்களை ராணிப்பேட்டையிலேயே வாங்கி வைக்கும்படி நண்பரிடம் சொல்லிவிட்டேன். அந்த அட்டை வாடைப் பாட்டில் மட்டும், மூடி போட்டபடி, என் சமையலறை அலமாரியில் இன்னும் இருக்கிறது.