பிறகு அழித்துக்கொள்ள முடியாது!

“அதனால் என்ன, பிறகு செயலியில் அழித்துக்கொள்ளலாமே!” இந்த வாக்கியத்தை இன்னொரு முறை கேட்டால் நான் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியாது. நான் மலையையோ ஏரியையோ படம் எடுக்கும்போது குறுக்கே வந்து நிற்பவர் இதைத்தான் சொல்கிறார். தலைக்கு மேல் ட்ரோனை ரீங்காரமிட விடுபவரும் இதைத்தான் சொல்கிறார். பாறை மேல் பையையும் தண்ணீர்ப் புட்டியையும் பரப்பிவைத்துவிட்டு அரைமணி நேரம் காணாமல்போகிறவரும் திரும்பி வந்து இதையேதான் சொல்கிறார். ஒழுங்காக நடந்துகொள்ள வேண்டிய பொறுப்பு எவருக்கும் இல்லை. அவர்கள் விட்டுச்செல்வதையெல்லாம் துடைக்கும் வேலை மட்டும் படம் எடுக்கிறவன் தலையில் விழுகிறது.

கடைசியாக இதைக் கேட்டது நியூசிலாந்தின் மாதெசன் ஏரிக்கரையில். தெற்குத் தீவின் மேற்குக் கரையில், ஃபாக்ஸ் பனியாற்றுக்கு அருகில் இருக்கும் சிறிய ஏரி அது. காட்டுத் தரையில் மக்கிய இலைதழைகளின் சாறு ஊறி அதன் நீர் கரும்பழுப்பாக இருக்கிறது. அந்தக் கருமையால்தான் 3,724 மீட்டர் உயர அவோராக்கியும் அதன் பக்கத்தில் 3,497 மீட்டர் டாஸ்மன் சிகரமும் அவ்வளவு தெளிவாகத் தண்ணீரில் தலைகீழாக நிற்கின்றன. ஆனால் அதற்குக் காற்று அடங்கியிருக்க வேண்டும். வெயில் ஏறினால் காற்று கிளம்பிவிடும், கொஞ்ச நேரத்தில் சிகரங்களை மேகமும் மூடிவிடும் என்பதால், அங்கே போகிறவர்கள் இருட்டிலேயே நடந்துபோய் மேடையில் காத்திருக்கிறார்கள். நானும் அப்படித்தான் முக்காலியை ஊன்றி, விரல் மரத்துப்போன நிலையில், மலைகளுக்குப் பின்னால் வானம் வெளுப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

முதலில் பலகை ஆடியது. அது மரத்தாலான மேடை; ஒருவர் நடந்தால் அந்த அதிர்வு முக்காலியின் கால் வழியாகக் கேமராவுக்கு ஏறிவிடும். ஷட்டர் ஒரு விநாடி திறந்திருக்கும் அந்த மங்கல் வெளிச்சத்தில் அதுவே போதும், சிகரத்தின் விளிம்பு இரண்டாகத் தெரியும். வந்தவர் வலப்பக்கம் நடந்தார், இடப்பக்கம் நடந்தார், நண்பரைக் கூவி அழைத்தார், நண்பர் ஓடியே வந்தார், பிறகு இருவரும் கைகோத்துக் குதித்துப் படம் எடுத்துக்கொண்டார்கள், அது சரியாக வரவில்லை என்று மறுபடியும் குதித்தார்கள். ஒரே ஒரு நிமிடம் அசையாமல் நிற்க முடியுமா என்று பணிவாகக் கேட்டேன். நின்றார். நின்ற இடத்திலிருந்தே கால்சட்டைப் பைக்குள் கைவிட்டு, வழியில் பொறுக்கிவந்த கூழாங்கல் ஒன்றை எடுத்து ஏரிக்குள் வீசினார். வளையங்கள் நிதானமாக விரிந்து போய் டாஸ்மன் சிகரத்தைப் பட்டை பட்டையாக அறுத்தன. அவை அடங்கும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன். கடைசி வளையம் கரையேறும் தறுவாயில் இரண்டாவது கல் விழுந்தது. அதைவிடத் தூரம் போகிறதா என்று பார்க்க மூன்றாவதும் விழுந்தது. வாய்விட்டுக் கேட்டபோதுதான் அந்த வாக்கியம் வந்தது, அதுவும் எனக்கு ஏதோ தொழில்நுட்பம் கற்றுத்தரும் குரலில்! அதற்குள் காற்று வந்துவிட்டது.

அந்தக் கருவிகளைப் பற்றி எனக்குத் தெரியாதா? படத்தின் ஓட்டையைச் சுற்றியுள்ளதை வைத்து நிரப்பும் வசதி 2010-இலேயே ஃபோட்டோஷாப்புக்கு வந்துவிட்டது, 2020-இல் வானத்தையே மாற்றும் வசதி வந்தது, 2023-இல் இல்லாததையெல்லாம் உருவாக்கி ஒட்டும் வசதியும் வந்தது. சென்சாரில் படிந்த தூசியின் புள்ளியை அழிக்க நானும் இவற்றைப் பயன்படுத்துகிறேன். ஆனால் கலைந்த நீரில் எதை வைத்து நிரப்புவது? மேல்பாதியைக் கவிழ்த்து ஒட்டினால் அது பிரதிபலிப்பு ஆகாது. நாம் தண்ணீருக்கு மேல் எவ்வளவு உயரத்தில் நிற்கிறோமோ அவ்வளவு ஆழத்திலிருந்து அண்ணாந்து பார்த்தால் தெரியும் காட்சிதான் பிரதிபலிப்பில் விழும். அதனால் கரையோர மரங்கள் நேர்க்காட்சியில் மறைப்பதைவிட நீரில் மலையை அதிகமாக மறைக்கும், கிளைகளின் அடிப்புறமும் அங்கே தெரியும். அதோடு, நீரில் தெரியும் மலை உண்மையான மலையைவிட மங்கலாகத்தான் இருக்கும். கவிழ்த்து ஒட்டிய படத்தில் இவை எதுவும் இருக்காது. இவ்வளவு தூரம் பயணப்பட்டு வந்தவன் அந்தக் காலையில் அங்கே உண்மையில் இருந்ததைக் கேட்கிறான். செயலி கற்பனை செய்து தருவதை வீட்டில் உட்கார்ந்தபடியே வாங்கிக்கொள்ள முடியாதா?

கூட்டம்தான் என் பிரச்சினை என்று யாரும் நினைக்க வேண்டாம். நார்வேயின் ட்ரோல்துங்கா, ஏரிக்கு மேல் சுமார் 700 மீட்டர் உயரத்தில் நாக்குப் போல் நீண்டிருக்கும் பாறை. போய்வர ஏறத்தாழ 27 கிலோமீட்டர் நடந்து களைத்தவர்கள், கோடையில் அதன் நுனியில் நின்று படம் எடுத்துக்கொள்ள வரிசையில் காத்திருக்கிறார்கள். அந்த வரிசை நியாயமானது. ஒருவர் முடித்து வந்த பிறகுதான் அடுத்தவர் போகிறார், தன் முறை வராமல் எவரும் உள்ளே நுழைவதில்லை. பத்துப் பேர் நின்றாலும் நூறு பேர் நின்றாலும், அடுத்தவனுக்கும் இது ஒரே ஒரு காலைதான் என்ற நினைப்பு இருந்தால் போதும்.

இதைச் சொல்லும்போதே இன்னொன்றும் நெஞ்சை அடைக்கிறது. பல கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் மலையை நோக்கி எதற்காக ஃபிளாஷ் அடிக்கிறீர்கள்? கைபேசியின் அந்தச் சிறு வெளிச்சம் சில மீட்டர் தாண்டாது. மலைக்குப் போய்ச் சேராத அது, இருட்டுக்குப் பழக இருபது முப்பது நிமிடம் எடுத்துக்கொண்ட என் கண்களுக்குள் நேராக வந்து விழுகிறது. பிறகு கேமராவின் பொத்தான்களைக்கூடத் தடவித்தான் தேட வேண்டியிருக்கிறது. தயவுசெய்து அதை அணைத்துத் தொலையுங்கள்!