மாத்திரைச் சீட்டில் இல்லாததையும் சொல்லுங்கள்

வீட்டுப் பெரியவரை ஆஸ்பத்திரியில் சேர்க்கும்போது பலரும் பல வருட ரிப்போர்ட்டுகளை அடைத்த ஃபைலைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். அவசரப் பிரிவில் அதைப் புரட்ட யாருக்கு நேரம்? கூடவே ஒரு தாள் எழுதி மேலே வையுங்கள்.

அதில் முக்கியமானது, அவர் உண்மையில் விழுங்கும் மருந்துகள். தலை சுற்றுகிறது என்று பிரஷர் மாத்திரையை அவராகவே நிறுத்தியிருப்பார். மூட்டுவலிக்குக் கடையில் வாங்கிய மாத்திரை தனியாக ஓடிக்கொண்டிருக்கும். ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் சாப்பிடுபவர் அதோடு வலி மாத்திரையான இபுப்ரூஃபனும் போட்டால் ரத்தக்கசிவு அபாயம் கூடும். டாக்டர் கையில் இருக்கும் சீட்டில் இது எதுவும் இருக்காது. லேகியம், தூக்க மாத்திரை எதையும் விடாதீர்கள்.

அப்புறம் குடி. கௌரவம் பார்த்து மறைக்கிறார்கள், எனக்கு இதில்தான் கோபம் வரும். தினமும் நிறையக் குடித்தவர் வார்டில் படுத்ததும் குடி சட்டென்று நின்றுபோகிறது. ஓரிரு நாளில் கைநடுக்கம், பிதற்றல், சிலருக்கு வலிப்பு. முன்பே தெரிந்திருந்தால் தடுக்க மருந்து கொடுத்திருப்பார்கள். தெரியாததால் வேறெதையோ தேடிக்கொண்டிருப்பார்கள்.

அலர்ஜி என்றால் என்ன ஆனது என்றும் எழுதுங்கள். பென்சிலின் போட்டு வயிறு கலங்கியதும், மூச்சு திணறியதும் ஒன்றல்ல. பார்க்கின்சன் என்னும் நடுக்குவாத நோய் இருந்தால் மாத்திரை நேரத்தைத் தடித்த எழுத்தில் போடுங்கள். வாந்திக்குக் கொடுக்கும் மெட்டோகுளோபிரமைடு அவர்களுக்கு ஆகாது.

எந்த ரிப்போர்ட்டிலும் இல்லாத ஒன்று உங்களிடம் மட்டும்தான் இருக்கிறது: மனிதர் வழக்கமாக எப்படி இருப்பார் என்பது. போன வாரம் வரை வரவு செலவு எழுதியவர் இன்று சும்மா தூங்கி வழிகிறார். புதிதாகப் பார்க்கும் நர்ஸுக்கு அவர் தொந்தரவு தராத நல்ல நோயாளி. உண்மையில் அது டெலிரியமாக, அதாவது உடல்நலக் குறைவால் திடீரென வரும் மனக்குழப்பமாக இருக்கலாம். கத்திக் கலாட்டா செய்பவரை எல்லோரும் கவனிப்பார்கள், அமைதியாக மங்கிக்கொண்டே போகிறவர்தான் யார் கண்ணிலும் படமாட்டார். "இவர் இப்படிப்பட்டவர் இல்லை" என்று அழுத்திச் சொல்லுங்கள். காது கேட்கும் கருவி வைப்பவர் என்றால் அதையும் சொல்லுங்கள், பாதிக் குழப்பம் அங்கேயே தீரலாம்.

இதற்காக எல்லாவற்றையும் எல்லோரிடமும் கொட்ட வேண்டாம். அவர் தெளிவாக இருக்கிறார் என்றால் அவரைக் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள். குடும்ப வாட்ஸ்அப் குரூப் சிகிச்சைக் குழு இல்லை.

ஷிப்ட் மாறியதும் அடுத்த நர்ஸிடமும் ஒருமுறை சொல்லிவிடுங்கள், சலித்துக்கொண்டாலும் பரவாயில்லை. தாளின் மேல் தேதி இருக்கட்டும். டிஸ்சார்ஜ் ஆகும்போது மருந்துகள் மாறியிருக்கும், பழைய தாளைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதுங்கள்.